ஒன்பது நாள் சும்மா இருந்தவர்

விமான நிலையத்தின் பின்பக்கம், சரக்குக் கிடங்கை ஒட்டிய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அவருக்கு ஒரு மேசை, இரண்டு கணினி, மூன்று தொலைபேசி. எந்த விமானி எந்த நாளில் எந்த ஊருக்குப் பறக்க வேண்டும் என்று முறை போட்டுக் கொடுப்பது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறார். இத்தனைக்கும் அவர் விமானத்தில் ஏறியது மொத்தம் நான்கே தடவை. நான்கு தடவையும் வாந்தி. விமானிகள் தங்கள் கைபேசியில் அவர் எண்ணைச் 'சனி' என்று பதிந்து வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தப் பெயர் வந்த கதை இதுதான். பறக்க வேண்டிய விமானிக்குத் திடீரென்று காய்ச்சல் வந்துவிட்டால் விமானத்தை நிறுத்தி வைக்க முடியாது. அதற்காகத் தினமும் நாலைந்து விமானிகளை வீட்டிலேயே தயாராக இருக்கச் சொல்வார்கள். ஸ்டாண்ட்பை என்று அதற்குப் பெயர். இவர் கூப்பிட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சீருடையும் பெட்டியுமாக வந்து நிற்க வேண்டும். கூப்பிடாவிட்டால் அந்த நாள் அப்படியே கழிந்துவிடும்.

அப்படிக் கழிந்த நாள் வேலையா, ஓய்வா? அந்த வருடம் கம்பெனியைப் போட்டு ஆட்டியது இந்தக் கேள்விதான். விமானிகளுக்கு மாதம் எட்டு நாள் ஓய்வு. கூப்பிடாத ஸ்டாண்ட்பை நாளையும் அந்த எட்டுக்குள் சேர்த்துவிடலாமா என்று மேலாளர் இவரிடம் குறிப்பு கேட்டார். இவர் தலையைச் சொறியக்கூட இல்லை. 'கூப்பிடப்படாத நாளை ஓய்வு நாளாகக் கருதலாம்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டார்.

"வீட்ல காலை நீட்டி டிவி பாத்துட்டு இருந்தா அதுக்குப் பேரு லீவு இல்லாம வேற என்ன?" என்று பக்கத்து மேசைக்காரரிடமும் சொல்லிக்கொண்டார்.

சேதி கசிந்த மறுநாளே ஒரு துணை விமானி விறுவிறுவென்று மாடியேறி வந்தாள். முப்பது வயதுக்காரி. அந்த மாதம் அவளுக்கு ஆறு நாள் ஸ்டாண்ட்பை, ஒரு நாள்கூட இவர் கூப்பிடவில்லை. இவர் குறிப்பு செல்லுபடியானால் அவளுக்கு மிஞ்சுவது இரண்டே நாள் ஓய்வு.

"சார், அந்த ஆறு நாளும் நான் தலைக்குக் குளிக்கல. முடி காயறதுக்குள்ள நீங்க கூப்பிட்டுட்டா என்ன பண்றது?"

"அதான் கூப்பிடலையேம்மா. சும்மாதானே இருந்தீங்க?"

"கூப்பிட மாட்டேன்னு காலையிலயே சொல்லியிருந்தீங்கன்னா சும்மா இருந்திருப்பேன் சார்."

பதில் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் இவருக்கு உறைக்கவில்லை. இதை முடிவு செய்யப்போகும் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்தார். கூட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்கு நடுவில் அவருக்கு வேறு பெரிய காரியம் இருந்தது.

ஒரே மகள், தலைப்பிரசவம். மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர். கரைக்கு வர இன்னும் மூன்று வாரம். மனைவிக்குக் கார் ஓட்ட வராது. "அப்பா, நீங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போகணும். அம்மா பதறியே என்னைப் பயமுறுத்திடுவாங்க" என்று மகள் சொல்லிவிட்டாள். சொல்லாவிட்டாலும் அவர் இருந்திருப்பார். இந்த மகள் பிறந்த அன்று ஊரெல்லாம் புயல், எட்டு விமானம் ரத்து. அவர் தொலைபேசியும் கையுமாக ஆபீஸில் கிடந்தார். குழந்தை முகத்தை மறுநாள்தான் பார்த்தார். அந்தக் குறை இருபத்தைந்து வருடமாக மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பேரக் குழந்தை பிறக்கும்போதாவது வாசலில் நின்றே தீருவது என்று ஒன்பது நாள் லீவு போட்டார். மிச்சம் இருந்ததே ஒன்பதுதான்.

"இனிமே எப்ப வேணா வலி வரலாம். வந்தா அரைமணி நேரத்துல இங்க இருக்கணும்" என்றார் டாக்டர்.

"இவ்வளவுதானே?" என்றார் இவர்.

முதல் நாள் காரைத் துடைத்து, வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். இரண்டாம் நாள் குளியலறைக்குள் கைபேசியைக் கொண்டுபோய்ச் சோப்புப் பெட்டி மேல் வைத்துக்கொண்டு காக்காய்க் குளியல் குளித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் செருப்பைக் கழற்றாமலே சோபாவில் சாய்ந்தார். தூக்கம் வருவேனா என்றது. நான்காம் நாள் பழைய சிநேகிதர் கேரம் ஆடக் கூப்பிட்டார். அவர் வீடு முக்கால் மணி தூரம். "முடியாதுப்பா, வேலை இருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, என்ன வேலை என்று தனக்கே தெரியாமல் விழித்தார். ஐந்தாம் நாள் கடன் வேண்டுமா என்று போனில் கேட்ட ஒரு பெண்ணிடம் "லைனை விடும்மா, லைனை விடு!" என்று கத்தினார்.

ஆறாம் நாள் முடிவெட்டப் போனார். சலூன் தெருமுனையிலேயே இருந்ததால் துணிந்து போனார். வலப்பக்கம் முடிந்து இடப்பக்கம் தொடங்கும்போது மனைவியிடமிருந்து போன். எடுத்துப் பேசவெல்லாம் அவருக்கு நிதானம் இல்லை. கழுத்தில் கட்டிய துணியோடு தெருவில் ஓடினார். வீட்டு வாசலில் மனைவி வாயைப் பிளந்தபடி நின்றாள்.

"என்னங்க இது கோலம்? வரும்போது அரைக்கிலோ தக்காளி வாங்கிட்டு வாங்கன்னு சொல்லத்தானே கூப்பிட்டேன்!"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே வலி வந்துவிடுமோ என்று அவர் சாவியைத் தேடினார். வரவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று நாள்தான் ஓடியது. குழந்தை அசைந்து கொடுப்பதாக இல்லை. லீவு தீர்ந்துபோனது.

பத்தாம் நாள் காலை பத்து மணிக்குக் கூட்டம். உள்ளே நுழைந்ததும் மேலாளர் கைகொடுத்தார்.

"வாங்க வாங்க! ஒன்பது நாள் வீட்ல நல்ல ரெஸ்ட்டா?"

அவ்வளவுதான். இவருக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ.

"ரெஸ்ட்டா? யாருக்கு சார் ரெஸ்ட்டு? உட்கார முடியல, படுக்க முடியல, தெருமுனை தாண்ட முடியல. போன் அடிச்சா நெஞ்சு அடிக்குது. அடிக்கலைன்னா ஏன் அடிக்கலைன்னு இருக்கு!"

விமானிகள் சார்பில் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அந்தத் துணை விமானி அன்று வரவில்லை. அது அவளுக்கு ஓய்வு நாள். மேலாளர் இவர் எழுதிய குறிப்பை எடுத்து மெதுவாகப் பார்த்தார்.

"குழந்தைதான் இன்னும் பொறக்கலையே. உங்க கணக்குப்படி ஒன்பதும் ஓய்வு நாள்தானே?"

அப்போதுதான் இவருக்குத் தான் யாருக்காகக் கத்தினோம் என்பது புரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. "அதைக் கொடுங்க சார்" என்று காகிதத்தை வாங்கினார். 'கருதலாம்' என்பதை அடித்துவிட்டு 'கருத முடியாது' என்று எழுதினார். காரணம் எழுதச் சொன்னார்கள். 'நான் இருந்து பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்படியெல்லாம் எழுதினால் செல்லாது என்று மேலாளர் சொல்ல, விமானிகள் விடாமல் வாதாட, மூன்று மணி நேரம் இழுத்து ஒருவழியாக இவர் வரி நிலைத்தது. கூப்பிடாவிட்டாலும் ஸ்டாண்ட்பை நாள் வேலை நாள்தான் என்று முடிவானது.

வெளியே வந்து கைபேசியைப் பார்த்தார். கூட்டம் என்றதும் பழக்க தோஷத்தில் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார். மனைவியிடமிருந்து பதினோரு அழைப்பு. உடனே திருப்பிக் கூப்பிட்டார்.

"என்னங்க, போனை எங்க வச்சீங்க? பத்தேகாலுக்கு வலி வந்துச்சு. டாக்ஸியைப் பிடிச்சு வந்துட்டோம். இப்பதான் பொறந்துச்சு, பேத்தி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பாத்து ஓட்டிட்டு வாங்க."

ஆஸ்பத்திரிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினார். அசதியோடு படுத்திருந்த மகள் அவரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஒன்பது நாள் காவல் இருந்துட்டு பத்தாவது நாள் கோட்டை விட்டுட்டீங்களேப்பா!"

அவருக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டாவது தடவையும் தவறவிட்டோமே என்று குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு நன்றாகவே அழுதார். குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்வாரத்துக்கு வந்து, துணை விமானியைக் கூப்பிட்டார். ஆறு நாள் ஓய்வும் தப்பிவிட்டது என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும் போலிருந்தது. முதல் மணி அடித்து முடிவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க சார். எந்த ஃப்ளைட்?"

"இன்னைக்கு உங்களுக்கு ஓய்வு நாளாச்சேம்மா."

"தெரியும் சார். உங்க பேரைப் பாத்ததும் எந்திரிச்சுட்டேன். ஒரு கால்ல ஷூகூட மாட்டியாச்சு."

இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட இவர்களில் யாரையும் வேலைக்கு அல்லாமல் கூப்பிட்டதில்லை என்பது அவருக்கு அந்த நிமிடம்தான் தோன்றியது.

"கழட்டுங்கம்மா," என்றார். "ஃப்ளைட் எதுவும் இல்ல. எனக்குப் பேத்தி பொறந்திருக்கா."