ஷிப்ட் மாறியும் மாறாத பயம்

ஓசூரில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் யார் சோர்ந்து உட்கார்ந்தாலும் 'ஷிப்ட் ஒத்துக்கலை' என்றுதான் சொல்வோம். என் கணவர் விஷயத்திலும் அப்படித்தான் நினைத்தேன்.

கம்பெனியில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் உடன் வேலை பார்த்தவரின் கை, இவர் கண்ணெதிரே மெஷினில் நசுங்கியது. அன்றிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. குக்கர் விசிலுக்கே தூக்கிவாரிப்போடும். சூப்பர்வைசரிடம் கெஞ்சி பகல் ஷிப்ட் வாங்கினோம். ஒரு மாதமாகியும் அப்படியேதான் இருந்தார்.

ஒருநாள் ஓடும் மெஷினில் கையை நீட்டியபடியே விறைத்து நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவர் இழுத்ததால் கை தப்பியது.

கம்பெனி டாக்டர் சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கச் சொன்னார். "எங்க வீட்டுக்காரருக்குப் பைத்தியமில்லைங்க சார்" என்று சண்டைக்கே போனேன்.

"பைத்தியம்னு யாரும்மா சொன்னது? பயம் உள்ளயே நின்னுபோச்சு. அதுக்குத்தான் அவங்க" என்றார்.

கிருஷ்ணகிரியில் பார்த்த சைக்காலஜிஸ்ட் அம்மா மாத்திரை எழுதவில்லை. "மருந்து தேவைப்பட்டா டாக்டர்கிட்ட அனுப்புவேன். என் வேலை இவரைப் பேச வைக்கறது, பயத்தை எதிர்க்கப் பழக்கறது" என்றார். விபத்தைப் பற்றி என்னிடம்கூட வாய் திறக்காதவர் அங்கே சொல்லி அழுதார். வாராவாரம் போனோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் வந்தது, மெஷினுக்கும் திரும்பினார்.

இப்போது லைனில் யாராவது 'ஷிப்ட் ஒத்துக்கலை' என்றால் நான் விடுவதில்லை. "ஷிப்ட் மாறியும் தூக்கம் வரலையா? கிளம்புங்க, நானும் கூட வரேன்" என்று பஸ் ஏற்றிக் கூட்டிப்போகிறேன். பைத்தியக்கார டாக்டருக்கு ஆள் பிடிக்கிறேன் என்று பேசுகிறார்கள். பேசட்டும். என் கணவரின் பத்து விரல்களும் பத்திரமாக இருக்கின்றன.