முதலைக்கு ஒரு பல்

அந்தமானின் பாராடாங் கடற்கரையில் டீக்கடை வைத்திருந்த பாய், வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார். அவருடைய இடது கால் செருப்பு நீலம், வலது ரோஸ். இரண்டும் கரையில் ஒதுங்கியவை.

அப்படி ஒதுங்கிய செருப்புகளைக் கொண்டு ஊரே சேர்ந்து செய்த முதலை ஒன்று கடைக்கு எதிரில் கிடந்தது. தலை தெலுங்குக்காரர்கள் பொறுப்பு, ஆகவே மீசை இருந்தது. வால் வங்காளிகளுடையது, அது மீன்வால். வயிறு நம்மாட்கள் பொறுப்பு, இன்னும் முடியவில்லை.

"இது முதலையா பாய்?"

"கமிட்டி போட்டுச் செஞ்சா இப்படித்தான் தம்பி வரும். ஆனா இது வந்த பிறகு பீச்சுல குப்பையே இல்ல. பொறுக்க ஒண்ணும் கெடைக்கலன்னு ஜனங்க சண்டை போடுது."

சிரித்தபடி என் வெள்ளைச் செருப்பைக் கரையில் விட்டுவிட்டுக் கால் நனைக்கப் போனேன். திரும்பினால் ஒன்றை அலை கொண்டுபோயிருந்தது. மற்றதை டீக்கடையில் ஒரு வங்காளி அம்மாள் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அது என்னுதும்மா."

பாய்தான் பதில் சொன்னார். "கரையில ஒத்தையா கெடந்தா முதலைக்குத்தான் தம்பி. இங்க அதான் ரூல். வெள்ளை கெடைக்காம பல்லு வேலை நின்னுபோயிருந்துச்சு. மேல்வரிசை இன்னிக்கு முடிஞ்சிரும்."

பிறகு என் காலை உற்றுப் பார்த்து, கடையிலிருந்த செருப்பு மூட்டையிலிருந்து ஒரு பச்சையும் ஒரு மஞ்சளும் எடுத்துக் கொடுத்தார். இரண்டுமே இடது கால்.

"வலது ஒதுங்குனா சொல்லி அனுப்புறேன்."

சென்னை வந்து சேரும் வரை கோணலாகவே நடந்தேன். வெள்ளைச் செருப்பு இரண்டே நாளில் அழுக்காகிவிடும். இருந்தும் இப்போதெல்லாம் அதைத்தான் வாங்குகிறேன். முதலைக்குக் கீழ்வரிசைப் பல் இன்னும் பாக்கி இருக்கிறதே.