நான்கு விரல் அகலத் திரை

சுயுன் எதிலும் நிதானம். ஒரு கேள்வி கேட்டால் டீ ஆறும்வரை யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மிச்சத்தைப் பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றான். திருட்டு விண்டோஸ் ஏற்றி வைரஸோடு மல்லுக்கட்டுவதற்கு லினக்ஸ் எவ்வளவோ மேல் என்று முடிவுகட்டி, ஊரில் பதினேழு கம்ப்யூட்டர்களில் அதை ஏற்றிக் கொடுத்தான். எண்ணிப் பார்த்துச் சொல்வதுதான், பதினேழு. குதிரைமேல் இருந்தபடி ஓர் ஆட்டுடலைப் பறித்துக்கொள்ளும் கிர்கிஸ் ஆட்டமான கோக்-பொரு நடக்கும் நாட்களில் டிரோன் பறக்கவிட்டு, சந்தேகம் வந்தால் நடுவருக்குப் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுவதும் அவன் வேலை.

நவம்பர் மாத ஆட்டம் அவனுடைய கோக்-தால் ஊருக்கும் மேல்கரை சாரி-பெல் ஊருக்கும். கோக்-தால் அணித்தலைவர் ஒரோஸ்பெக் அவனுக்குத் தாய்மாமன். காலையில் நடுவர் கலிச் ஒரு பெரிய டிவியை வேனில் ஏற்றி வந்து, இனிமேல் படத்தை எல்லாரும் பார்க்கட்டும் என்றார். சுயுனின் லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் இரண்டு. டிவிக்குப் போகும் வயர் இரண்டாவது சிப்போடு சேர்ந்தது. அதற்கு டிரைவர் என்கிற மென்பொருளை ஏற்றாமல் டிவியில் படம் ஓடாது. அவன் உட்கார்ந்து ஏற்றினான். கடைசியில் அது ஒரு கடவுச்சொல் கேட்டது. அடுத்த முறை மெஷினைத் தொடங்கும்போது ஒரு நீலத்திரை வரும், அதில் இதே சொல்லைக் கொடுத்தால்தான் மெஷின் அந்த டிரைவரை நம்பும். அதுவரை வீரர்களின் பெயர்களை அடித்துக்கொண்டிருந்தவன், அதே கையோடு ஒரு சொல்லை அடித்தான். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டதென்று கூப்பிட்டார்கள். மறுபடி தொடங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டிரோனைப் பறக்கவிட எழுந்து போனான்.

இரண்டாம் பாதியில் இருபது குதிரைகள் ஆட்டுடலைச் சுற்றி நெரித்துக்கொண்டு நின்றன. அந்த நெரிசலிலிருந்து கோக்-தால் வீரன் எஸ்தெபெஸ் சரிந்து விழுந்தான். இடது கண்ணைப் பொத்திய விரல்களின் வழியே ரத்தம் வழிந்தது. கையை விலக்கிப் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கண் போய்விட்டது. சாரி-பெல் தாலான்த்தின் சாட்டைதான் என்று யாரோ கத்தினார்கள். அதற்குமேல் யாரும் எதையும் விசாரிக்கவில்லை. கோக்-தால்காரர்கள் தாலான்த்தைக் காலைப் பிடித்துக் குதிரையிலிருந்து இழுத்து, உறைந்த மண்ணில் தரதரவென்று கொண்டுபோய், வைக்கோல் அடைக்கும் கன்டெய்னருக்குள் தள்ளி, ஐந்தாறு பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவனை மீட்க சாரி-பெல்காரர்கள் வேலிக்கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவனுக்கு மண்டை பிளந்தது, இன்னொருவனுக்கு மணிக்கட்டு முறிந்து தொங்கியது. எங்கிருந்தோ பறந்து வந்த கட்டை ஒன்று லேப்டாப் திரையில் விழுந்தது. இடது ஓரத்தில் நான்கு விரல் அகலம் மட்டும் எரிந்தது, மற்றதெல்லாம் கறுப்பு.

கலிச் நடுவில் நின்று இரண்டு ஊரையும் பிடித்து நிறுத்தினார். படத்தைப் பார்ப்போம், தாலான்த்தின் கை இல்லையென்றால் கதவைத் திறக்க வேண்டும் என்றார். முனகிக்கொண்டே சம்மதித்தார்கள். போனில் போட்டுப் பார்த்தார்கள். குதிரைகள் எறும்பு மாதிரி தெரிந்தன, கை யாருடையதென்று தெரியவில்லை.

"பத்து நிமிஷம்தான் தர்றாங்க தம்பி," என்றார் கலிச். "அதுக்கு மேல என்னால பிடிக்க முடியாது."

சுயுன் மெஷினை மறுபடி தொடங்கினான். மெஷின் எழும்பும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு டிரைவர் வேண்டியதில்லை, டிவியில் நீலத்திரை வந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்தான். தவறு என்றது. மூன்று முறையும் தவறு என்றது. பிறகு டிவி இருண்டது.

"பொட்டிய அடுப்புல போட்டாலாவது குளிர் காயலாம்," என்று பின்னால் ஒருவன் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். கன்டெய்னருக்குள்ளிருந்து தாலான்த்தின் அலறல் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சுயுனுக்கு உறைத்தது. காலையில் பெயர்களை அடித்தது கிர்கிஸ் எழுத்தில். கடவுச்சொல்லும் அதே எழுத்தில் போய்விட்டது. நீலத்திரைக்கு ஆங்கில எழுத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. எத்தனை முறை அடித்தாலும் சேராது. முதலிலிருந்து மாற்றிக் கொடுக்க வேண்டும்.

ஒரோஸ்பெக் மாமா பக்கத்தில் வந்து குனிந்தார். எப்போதும் கையில் இருக்கும் சாட்டை இப்போது பிடிகூடத் தெரியாமல் அவருடைய பூட்ஸுக்குள் அடிவரை செருகியிருந்தது.

"மருமகனே, பொட்டி உடைஞ்சு போச்சு. உடைஞ்சதாவே இருக்கட்டும்."

சுயுன் சாட்டையைப் பார்த்தான், மாமாவின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. டிரைவர் ஏறவில்லை என்று சொன்னால் போதும். இந்த வட்டாரத்தில் அதைப் பொய்யென்று சொல்லத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை.

அந்த நேரத்தில் அலறல் நின்றது. அடி விழும் சத்தம் மட்டும் கேட்டது.

அவன் அந்த நான்கு விரல் அகலத்துக்குள் முகத்தை வைத்து எழுத்தை ஆங்கிலத்துக்கு மாற்றினான். கடவுச்சொல்லை எண்களாகவே கொடுத்தான். மறுபடி தொடங்கினான். நீலத்திரை வந்தது, எண்களைக் கொடுத்தான், ஏற்றுக்கொண்டது. டிவி பளிச்சென்று எரிந்தது.

படத்தை ஒவ்வொரு அசைவாக நகர்த்தினான். தாலான்த்தின் இரண்டு கைகளும் ஆட்டின் காலைப் பிடித்திருந்தன. சாட்டை அவன் பல்லில் இருந்தது. பின்னாலிருந்து, பிடியில் பித்தளைப் பூண் போட்ட சாட்டை ஒன்று குதிரையை அடிக்க ஓங்கி, பின்வாங்கிய வேகத்தில் எஸ்தெபெஸின் கண்ணுக்குள் இறங்கியது. அந்தப் பூணை இரண்டு ஊருக்கும் தெரியும்.

கலிச் போய்க் கதவைத் திறந்தார். யாரும் தடுக்கவில்லை. தாலான்த்தைக் கம்பளத்தில் வைத்துத் தூக்கி வந்தார்கள். மூச்சு இருந்தது.

ஒரோஸ்பெக் பூட்ஸிலிருந்து சாட்டையை உருவினார். தலைகீழாகப் பிடித்துப் பூண் பக்கத்தால் சுயுனின் தாடையில் அடித்தார். அவன் கீழே விழுந்த பிறகும் இரண்டு முறை அடித்தார். லேப்டாப்பை வயிற்றுக்கடியில் போட்டு அதன்மேல் சுருண்டுகொண்டதால் அடியெல்லாம் முதுகில் விழுந்தது.

நாரின் நகர ஆஸ்பத்திரியில் சுயுனின் தாடையைக் கம்பியால் கட்டினார்கள். மூன்று பல் போயிற்று. எலும்புச் சாற்றைக் குழாயால் உறிஞ்சினான். அடுத்த அறையில் தாலான்த். விலா நான்கு முறிந்து, மண்ணீரலையும் எடுத்திருந்தார்கள்.

நான்காம் நாள் எஸ்தெபெஸ் கட்டுப்போட்ட கண்ணோடு வந்து, படத்தைக் காட்டச் சொன்னான். சுயுன் லேப்டாப்பை ஆஸ்பத்திரி டிவியில் மாட்டினான். எஸ்தெபெஸ் நல்ல கண் திரைக்கு நேராக வரும்படி கழுத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்தான்.

"திரும்பப் போடு," என்றான். மூன்றுமுறை பார்த்தான்.

பிறகு, "ஆறு வருஷம் உன் மாமா குதிரைக்குப் பக்கத்துல ஓட்டியிருக்கேன்," என்றான். "அந்தப் பூண் எனக்குத் தெரியாதா? விழும்போதே தெரியும். யாரும் என்னக் கேக்கல. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல."

சுயுனால் வாயைத் திறக்க முடியாது. கேட்டதையெல்லாம் நிதானமாக யோசித்தான். பிறகு லேப்டாப்பை இழுத்து எழுத்தைக் கிர்கிஸுக்கு மாற்றினான். டிவியில் பெரிதாக வந்தது:

"பக்கத்து அறைதான். போய் அவன்கிட்ட சொல்லு."

எஸ்தெபெஸ் அதை ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் படித்தான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான். சுவரைத் தடவிக்கொண்டே அடுத்த அறையின் கதவைத் தேடிப் போனான்.