திருச்சுழி ரோட்டில் ஒரு சிங்கப்பூர்

பாலவனத்தம் வீரபத்திரனைச் சுற்றுப்பட்டு ஊர்களில் 'வாத்தியார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் எந்த வகுப்பிலும் எதையும் நடத்தியதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் இருக்கும் தனியார் தொழிற்பயிற்சிப் பள்ளி ஒன்றுக்கு ஆள் சேர்ப்பது அவர் வேலை. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பைக்கை எடுத்தாரென்றால் ஆனி பிறக்கும் வரை வீடு தங்கமாட்டார்.

அதற்கு முன் பருத்தி விதை ஏஜெண்டாக இருந்தார். அவர் கெட்டது அங்கேதான் என்பது என் கருத்து. விதைப் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் பருத்திக் காய் இளநீர் அளவு இருக்கும். செடியில் இலையைவிடக் காய் அதிகமாக இருக்கும். மழையை நம்பி மானாவாரி விவசாயம் பார்க்கிற சம்சாரி யாரும் அதை நம்பி விதை வாங்குவதில்லை. படத்தை நாலால் வகுப்பார், மழையை நினைத்து மறுபடியும் வகுப்பார், மிச்சத்துக்குத்தான் காசு கொடுப்பார். விற்றவர் மேல் வருத்தமும் கிடையாது. படம் என்றால் அப்படித்தான்.

பள்ளிக்கு வந்த பிறகும் வீரபத்திரன் அதே நியாயத்தில்தான் ஃபிளக்ஸ் அடித்தார். வெல்டிங் முடித்துப் போன பொன்ராஜின் பழைய போட்டோ ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கப்பலை ஒட்டி, 'நேற்று நம் மாணவர், இன்று சிங்கப்பூரில்' என்று போட்டார். ஜனங்கள் வகுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தார். விதையை வகுக்கிற சம்சாரி படிப்பை வகுப்பதில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. விதை பொய்த்தால் அடுத்த ஆடி இருக்கிறது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஒரு தடவைதான் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், பொய் சொல்ல அவசியமே இருக்கவில்லை. அங்கே வெல்டிங் சொல்லிக்கொடுக்கும் இம்மானுவேல் மாஸ்டரிடம் படித்தவன் எவனும் வேலையில்லாமல் திரிந்ததில்லை. பொன்ராஜே மல்லாங்கிணற்றில் ஒரு பட்டறையில் கிரில் கேட் செய்துகொண்டு, கைநிறைய வேலையோடு இருந்தான். உண்மையை அப்படியே அச்சடித்திருக்கலாம். ஆனால் உண்மைக்குப் பின்னால் கப்பல் நிற்காதே.

பரளச்சியில் ஒரு பெண்வீட்டார் அந்த ஃபிளக்ஸைப் பார்த்துவிட்டு, பொன்ராஜுக்குப் பெண் கொடுக்கலாம் என்று, வீட்டை விசாரிக்க வேன் பிடித்து அவன் ஊரான மல்லாங்கிணறு வந்தார்கள். வழி கேட்கப் பட்டறை வாசலில் நிறுத்தினார்கள். கைலியை மடித்துக் கட்டி, கேட்டுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான் ஒருவன்.

"தம்பி, சிங்கப்பூர்ல இருக்க பொன்ராஜு ஊருக்கு எப்ப வருவாரு?"

"நாந்தாங்க அது. டீ குடிச்சிட்டு இப்பத்தான் வந்தேன்."

வேன் திரும்பிப் போன வேகத்தைவிடக் கதை வேகமாகப் போனது. அந்த வாரமே பஸ் கண்டக்டர்கள் பள்ளி வாசலில் விசிலடித்து, "சிங்கப்பூரு எறங்குறவுக முன்னாடி வாங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார்கள். சிலர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தார்கள். இன்னும் சிலர் வருவதையே விட்டுவிட்டார்கள்.

பொன்ராஜ் ஒருநாள் நேரில் வந்தான். "அண்ணாச்சி, நான் நல்லா இருக்கேன்னு மட்டும் போட்டிருந்தா பத்தாதா? மல்லாங்கிணத்துல வேலை பாக்குறதே இப்ப தோத்துப்போயி வந்த மாதிரி ஆயிருச்சு" என்றான். வீரபத்திரன் அன்றே ஆள் வைத்து ஃபிளக்ஸைக் கழற்றினார். கழற்றியதால் 'சிங்கப்பூர்' என்ற பேர் போய்விடவில்லை.

இந்த வருடம் தாளாளர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: வெல்டிங்கில் ஆள் சேரவில்லையென்றால் அந்தப் பிரிவை மூடிவிடுவது, இம்மானுவேலுக்கும் வீரபத்திரனுக்கும் வேலையில்லை. ஒருவர் ஒழுங்காக வேலை செய்தவர், மற்றவர் அதைக் கெடுத்தவர். தண்டனை மட்டும் பொது.

வீரபத்திரன் இந்தத் தடவை உண்மையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உண்மை விற்கவில்லை. "விருதுநகர், மதுரைப் பட்டறைகள்ல நிச்சயம் வேலை" என்று அவர் சொன்னால், "ஏன், கப்பல் லேட்டா?" என்று கேட்டார்கள்.

கடைசியாகப் பரளச்சியில் முத்துப்பேச்சி வீட்டுக்குப் போனார். முன்பு களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த முத்துப்பேச்சி, இப்போது சத்துணவு மையத்தில் சமைக்கிறாள். மகன் தனுஷ் பன்னிரண்டாம் வகுப்பை எப்படியோ தாண்டியிருந்தான்.

"வாங்க வாத்தியாரே. எம்மவனை எந்த நாட்டுக்கு அனுப்புறதா உத்தேசம்?" என்றாள்.

"எந்த நாட்டுக்கும் இல்ல தாயி."

"அடப்பாவமே. பாஸ்போர்ட் எடுக்கலாம்னு இருந்தேனே."

தனுஷ் சுவரைப் பார்த்துச் சிரித்தான். அவள் கேலியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"இருக்கட்டும். அந்த வேலையில கண்ணு கெட்டுப்போகும்ங்கிறாகளே, நெசமா?"

ஆள் சேர்க்கும் தொழிலில் இதற்கு ஒரே பதில்தான் உண்டு: அதெல்லாம் ஒன்றும் ஆகாது. வீரபத்திரன் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"கண்ணாடி போடாமப் பாத்தா கெடும் தாயி. ஒரு தடவை பாத்தாலே கண்ணுல மண்ணள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும், தூங்க முடியாது. கண்ணாடி போட்டாலும் பொறி பட்டுக் கையில தழும்பு விழத்தான் செய்யும். மாஸ்டர் கை பூராத் தழும்பு. கண்ணாடி இல்லாம நின்னா யாரா இருந்தாலும் அன்னைக்கு வெளிய அனுப்பிருவாரு."

சொல்லிவிட்டு, போய்விட்ட வேலைக்கு வருத்தப்படுகிறவர் போல ஹெல்மெட்டை எடுத்தார்.

முத்துப்பேச்சி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். "அந்த மாஸ்டரு இன்னைக்கு இருப்பாரா?"

"இருப்பாரு."

"ஏலே, சட்டைய மாத்து. அவரு கையைப் பாத்துட்டு வருவோம். பெறகு ரோசிக்கலாம்."

வீரபத்திரனுக்குப் பழைய தெம்பு ஒரு நொடியில் திரும்பிவிட்டது. "வந்து பாருங்க தாயி, நம்ம பட்டறை மாதிரி இந்தத் தமிழ்நாட்டுலயே..."

"வாத்தியாரே" என்றாள் முத்துப்பேச்சி, செருப்பை மாட்டிக்கொண்டே. "பேசாம வாங்க."

அவர் பேசாமல் போனார்.