இடைவெளி காணுமே?

கார்த்திகை மாதத்து விடியற்காலை ஒன்றில் தவமணி அக்காவின் அழைப்பு வந்தது. உடுப்பிட்டியில், கிணறு இல்லாத அவருடைய தறையில், அந்த மேட்டுக்காணியில்தான், அந்த முறை என் மாதிரிப் பயிர்ச்செய்கை. குரக்கனுக்குள், அதாவது கேழ்வரகுக்குள், ஊடுபயிராகப் பயறு, மழையை மட்டும் நம்பி.

“மிஸ், பயறு முத்திக் கறுத்திட்டுது. வானம் இருண்டுகொண்டு வருது. நான் எங்கை கால் வைச்சு ஆயிறது?”

விவசாயப் போதனாசிரியையாக அப்போது எனக்குப் பதினெட்டு வருட அனுபவம். அந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. நானாகவும் யோசித்ததில்லை.

பிழை நடந்தது புரட்டாதியில், விதைத்த அன்றே. பயறு மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும், நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும், மழை ஏமாற்றினாலும் இரண்டில் ஒன்றாவது கைகொடுக்கும். இவ்வளவும் சரிதான். ஆனால் மாதிரிச் செய்கையை ஊருக்குக் காட்டும் வயல் விழாவுக்கு வரும் மேலதிகாரியின் கண்ணுக்குத் தறை பச்சைப்பசேலென்று தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு வரிசை குரக்கன், ஒரு வரிசை பயறு என்று ஒரு சாண் இடைவெளியில் நெருக்கிவிட்டேன். கயிறு பிடித்துக்கொண்டிருந்த தவமணி அக்கா, “இடைவெளி காணுமே மிஸ்?” என்று கேட்டார். போதுமா என்பதை நாங்கள் அப்படித்தான் கேட்போம். “காணும் அக்கா” என்றேன், வரிசைகளைப் படமாக வரைந்திருந்த கொப்பியிலிருந்து தலை நிமிராமல். அவர் கேட்டது காலுக்கு. நான் சொன்னது செடிக்கு.

போய்ப் பார்த்தால் குரக்கன் இடுப்பளவு நின்றது, கதிர் தள்ளும் பருவம். கீழே பயற்றங்காய்கள் கறுத்துக் கிடந்தன. மழை விழுந்தால் காய்க்குள்ளேயே முளைத்துவிடும். வீட்டிலிருந்த விதைப்பயறு முழுவதையும் தவமணி அக்கா என்னை நம்பி அந்தத் தறைக்கே போட்டிருந்தார். உள்ளே இறங்கினால் குரக்கன் முறியும். இறங்காவிட்டால் அடுத்த போகத்துக்கு விதையே இல்லை.

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“உங்கடை படத்திலை குரக்கன் கிடக்கு, பயறு கிடக்கு. ஆயிற ஆள் இல்லை மிஸ்” என்றார்.

வெட்கமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். எவ்வளவு பக்குவமாகக் கால் வைத்தாலும் அடிக்கொரு தண்டு முறிந்தது. மத்தியானம் மழை பிடிக்கும்வரை இருவரும் ஆய்ந்தோம். இரண்டு ஓலைக் கடகம் நிறையப் பயறு தப்பியது. குரக்கனில் பாதி போய்விட்டது.

வயல் விழாவன்று மேலதிகாரி சரிந்து கிடந்த வரிசைகளைப் பார்த்துவிட்டு, “மாடு பூந்ததோ?” என்று கேட்டார்.

“இல்லை சேர், நான்தான்” என்றேன்.

அடுத்த புரட்டாதியில் குரக்கன் இரண்டு வரிசை, பயறு ஒரு வரிசை என்று மாற்றி, பயற்றின் பக்கத்தில் நடைக்கு இடம் விட்டேன். ஓய்வு பெறும்வரை அந்த முறைதான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் வரிசை வரைய முன்னர், ஆயப்போகிறவரை அந்த இடைவெளியில் நடக்கவிட்டுப் பாருங்கள்.

அந்த அடுத்த புரட்டாதியில், விதைக்க முன்னர், தவமணி அக்கா வெறும் தறையில் இரண்டு கயிறுகளுக்கு நடுவே இறங்கி நின்றார். குந்தினார், கையை நீட்டி இல்லாத பயற்றை ஆய்ந்தார், எழும்பினார்.

“இப்ப காணும்” என்றார். பிறகுதான் விதைப்பையை அவிழ்த்தார்.