ஊர்வலக் குதிரைக்காரர்

எழுபதுகளின் தொடக்கத்தில் மங்கலம்பேட்டையில் எனக்கு நிக்காஹ். அப்போதெல்லாம் மாப்பிள்ளை ஊர்வலம் குதிரையில்தான் போகும். நானோ குதிரை ஏறியதே இல்லை. அதனால் விருத்தாசலத்தில் குதிரை வாடகைக்கு விடுபவரின் லாயத்துக்கு உட்காரப் பழகப் போனேன்.

ஒல்லியான மனிதர். வலது கன்னம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாகத் தழும்பு; அம்மை என்று நினைத்துக்கொண்டேன். லாயத்துத் திடலில் கடிவாளத்தைப் பிடித்து நடப்பார், பக்கத்துப் பீங்கான் பட்டறையிலிருந்து வந்து கிடக்கும் சில்லுகளைக் காலால் ஒதுக்கியபடி. அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்.

"கீழ பாக்காதீங்க மாப்ள. நேரா பாருங்க."

ஊர்வலத்திலும் அவர்தான் கடிவாளம் பிடித்து நடந்தார். சரவெடி மிகக் கிட்டத்தில் வெடித்தது. குதிரை அசையவில்லை. நானும் ராஜா மாதிரி நேராகப் பார்த்தபடி போனேன்.

பெண் வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் அவரைக் கவனித்தேன். சட்டையின் வலது கை கருகியிருந்தது. கன்னத்துத் தழும்புகளுக்கு நடுவே புதுக் கொப்புளங்கள். சரவெடிக்கும் குதிரைக்கும் இடையில் நின்றிருக்கிறார்.

"என்னங்க இது?" என்றேன்.

அவர் அந்தக் கன்னத்தைக் குதிரையின் கழுத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். "குதிரை மிரளல இல்ல? போங்க மாப்ள, உள்ள தேடுவாங்க."

கீழே பார்க்க வேண்டாம் என்று அவர் சொன்னது நான் விழாமல் இருக்கவா, அவரைப் பார்க்காமல் இருக்கவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.