பவானிக்கு மாப்பிள்ளை

பழனிசாமி அண்ணனுக்குச் சுரங்கத்தில் வேலை, பர்மனென்ட். ஊர் கோபி பக்கம். மனைவி போன பிறகு குவார்ட்டர்ஸில் அவரும் பவானியும்தான். பவானி அவர் வளர்க்கும் பெட்டை நாய். அகன்ற மார்பு, பெரிய தலை, ஆனால் படத்தில் பார்க்கும் புல்டாக் போல மூக்கு உள்ளே போயிருக்காது. அவர் வீட்டில் நான் பெருக்கித் துடைக்கிறேன்.

அண்ணன் அவளோடு தெருவில் நடந்தால் பக்கத்து வீட்டு செங்குட்டுவன் விடமாட்டார்.

"அண்ணே, இது பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

கலப்பு நாய் என்று குத்திக் காட்டுகிறாராம். அண்ணன் உடனே நின்றுவிடுவார்.

"ஏனுங்க, எத்தன தடவ சொல்றது? அந்தக் காலத்துல இங்கிலாந்துல காளையோட சண்டைக்கு உட்ட நாயிங்க இது. சட்டம் போட்டு நிறுத்திப்போட்டாங்க. அப்பறம் அழகுக்குன்னு வளத்து மூக்க அமுக்கி, மூச்சு உட முடியாம பண்ணிட்டாங்க. அம்பது வருசம் முந்தி அமெரிக்காக்காரர் ஒருத்தர் பாதி புல்டாக்கு, மீதி வேற மூணு சாதி சேத்து, பழைய உடம்பத் திரும்பக் கொண்டாந்தாரு. அந்த வம்சமுங்க!"

"அப்ப கான்ட்ராக்ட்டுதான்" என்று சிரித்துக்கொண்டே செங்குட்டுவன் உள்ளே போய்விடுவார்.

பவானி இதற்கெல்லாம் குரைக்கமாட்டாள். காரணமில்லாமல் அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. கயிற்றைக் கவ்வினால் மட்டும் யார் இழுத்தாலும் விடமாட்டாள்.

அவளுக்கு வயது ஆறாகிவிட்டது. குட்டி போடுவதென்றால் இதுதான் கடைசி முறை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வகையில் ஆண் நாய் தேடி அண்ணன் பண்ருட்டி, கடலூர், புதுச்சேரி என்று அலைந்தார். போன் போட்ட இடத்திலெல்லாம் அப்படி ஒரு சாதியா என்று சிரித்தார்கள். கடைசியில் சுரங்க ஆபீசர் சுதாகர் சாரின் டைகரிடம் வந்து நின்றார். டைகர் மூக்கு அமுங்கிய புல்டாக்.

"பாதி ரத்தம் அதுதானுங்க அம்மணி" என்றார் என்னிடம், நான் ஏதோ கேட்டதைப் போல.

சார் வீட்டிலும் நான்தான் வேலை செய்கிறேன். டைகர் ஏசி அறையை விட்டு வெளியே வராது. வாசல் படி இரண்டு ஏறினால் படுத்துவிடும். அண்ணனுக்குக் காலை ஷிப்ட். இரண்டு மணிக்குத்தான் விடும். சாரும் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவது அந்த நேரம்தான். இரண்டு பேரும் போனில் பேசி முடித்துக்கொண்டார்கள்: சனிக்கிழமை, மதியம் இரண்டரை. மே மாதம்.

"வெயில்ல வாணாங்கண்ணா" என்றேன். "அது உள்ளயே மூச்சு வாங்கிகினு கெடக்குது."

"சாயங்காலம் சாருக்கு மீட்டிங்கு. ஷிப்ட நான் மாத்த முடியுமா அம்மணி?"

மூக்கைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் தெருவெல்லாம் பாடம் நடத்தியவர் அவர்தான்.

சனிக்கிழமை பவானியைக் குளிப்பாட்டிக் கூட்டி வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு. பின்பக்கத்து சிமெண்ட் தரையில் டைகரை அவிழ்த்துவிட்டார்கள். அது பவானியை ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டாவது சுற்றில் கால் மடங்கியது. நாக்கு நீலமாகிவிட்டது. நான் குழாயைத் திறந்து வாளி வாளியாக ஊற்றினேன். சார் ஐஸ் கட்டியை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். பவானி நிழலுக்குக்கூட நகராமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டைகர் பிழைத்துக்கொண்டது. சார் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது, "பழனிசாமி, இனிமே நாயக் கூட்டிட்டு இந்தப் பக்கம் வராதீங்க" என்றார்.

"நாளைக்கு வெடியால, வெயிலுக்கு முந்தி வேணா..." என்று அண்ணன் ஆரம்பித்தார். கதவு சாத்தியாயிற்று.

அவர் வீட்டு வேலைக்கு நானும் கூடவே நடந்தேன். வழியெல்லாம் பவானியைத் திட்டிக்கொண்டே வந்தார். பிறகு ஷிப்டைத் திட்டினார். பிறகு தன்னையே.

வாசலில் செங்குட்டுவன் நின்றிருந்தார். "என்னண்ணே, மாப்ள வூட்ல என்னா சொன்னாங்க? குட்டியாவது பர்மனென்ட் ஆவுமா?"

அண்ணன் நின்றார். இங்கிலாந்தில் ஆரம்பிப்பார் என்று நான் காத்திருந்தேன்.

"கான்ட்ராக்ட்டுதானுங்க" என்றார். "இவளோட முடியுது."